நான்காம் பகுதி, பதினோராம் பக்கம்

மெர்வின் சால்மினென் கையில் ஒரு தாளைக் கொடுத்தால் முதலில் அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். பிறகு விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது கடைசியில்தான். முப்பத்தோரு வருடம் நகல் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்கள், வழக்கறிஞர் அலுவலகங்கள், இரும்பு ஆலை, மூன்று தேவாலயங்கள், எல்லாவற்றிலும் அவர் கை உள்ளே போகாத இயந்திரம் இருந்ததில்லை. நகத்தைச் சுற்றி எப்போதும் கறுப்பு மை. வேலையை விட்டு மூன்று வருடம் ஆன பிறகும் அது போகவில்லை. அவர் மனைவி கோலீன் அவரை "மை மூஞ்சி" என்றுதான் கூப்பிடுவார்.

அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் எங்கள் உதவி மையத்துக்கு வந்து எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்தார். ஒரு காலத்தில் மளிகைக்கடையாக இருந்த கட்டடம் அது. எங்கள் வரிசை இருந்த இடத்தில்தான் உறைய வைத்த மீன் விற்றார்கள் என்பார். கோடையில் இன்னும் வாசனை வருகிறது என்று மூக்கைப் பொத்திக் காட்டுவார்.

வேலை ஒன்றுதான். செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கோப்புகளை ஏற்ற முடியாமல் திணறுகிறவர்கள் எங்களைக் கூப்பிடுவார்கள். கோப்பு பெரியதாக இருந்தால் துண்டு துண்டாகப் பிரிக்கச் சொல்வோம். கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால் எடுக்கச் சொல்வோம். கைப்பேசியில் எடுத்த படமென்றால் வகையை மாற்றச் சொல்வோம். ஒன்றுமே வேலைக்கு ஆகவில்லையென்றால் எல்லாவற்றையும் மூடித் திறக்கச் சொல்வோம். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் வந்துவிட்டால், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட வேண்டும். ஓர் அழைப்புக்கு ஏழு நிமிடம். டிக் விழுந்த பிறகு அந்தக் கோப்பைப் பற்றி உதவியாளர் என்ன சொல்கிறது, சரியாகச் சொல்கிறதா என்பதெல்லாம் எங்கள் வேலை இல்லை.

மெர்வ் இந்த வேலைக்குத் தன் பங்காக ஒன்றைச் சேர்த்தார். கோப்புக்குப் பெயர் வைப்பது.

"ஃபைலுக்கு என்னம்மா பேர் வெச்சிருக்கீங்க?"

ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல். "ஸ்கேன் ஒண்ணு."

"அடுத்தது?"

"ஸ்கேன் ரெண்டு."

"அதுக்கடுத்தது?"

"அது வந்து… புது ஸ்கேன் ஒண்ணு."

"உங்க வீட்ல பூனை இருக்காம்மா?"

"இருக்கு. பிஸ்கட்."

"பாத்தீங்களா, பூனைக்குப் பேர் வெச்சிருக்கீங்க. எலி பிடிக்குமோ பிடிக்காதோ, அதுக்குப் பேர் இருக்கு. இந்தப் பேப்பர் உங்க வீட்டுப் பத்திரம். இதுக்கு ஒரு பேர் வெக்கக் கூடாதா? யாரு எழுதினது, எந்தத் தேதி, எதப் பத்தி, மூணும் பேர்லயே இருக்கணும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். மெர்வ் என் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கினார். நான் கல்லூரியில் வரலாறு படித்தவள் என்பது தெரிந்த நாளிலிருந்து அவருக்கு நான் புரொபசரம்மா. "என்ன புரொபசரம்மா, நீங்க படிச்ச ராஜாக்கள் எல்லாம் பேப்பருக்குப் பேர் வெச்சாங்களா இல்லியா?" என்பார். என் பெயர் நேடீன். அவர் ஒருமுறைகூட அப்படிக் கூப்பிட்டதாக நினைவில்லை.

கோலீனுக்குப் பதினொரு வருடமாக நரம்பு நோய். கடைசி இரண்டு வருடத்தில் வலது கையைத் தவிர உடம்பில் எதுவும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பகலில் காலை எட்டிலிருந்து நாலு வரை ஓர் உதவிப் பெண் வருவாள். மற்ற நேரம் மெர்வ். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கோலீனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும். இரவு முழுவதும் கடிகாரம் வைத்து எழுந்து திருப்பிப் போடுவார். காலையில் ஏலக்காய் ரொட்டி இரண்டு துண்டு, ஒரு குடுவை காப்பியோடு வேலைக்கு வருவார். மதிய இடைவேளையில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார். நாங்கள் யாரும் எழுப்ப மாட்டோம்.

அந்த நவம்பரில் பராமரிப்பு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. இரவில் பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது பாதுகாப்பில்லை, எனவே எங்கே முதலில் கட்டில் காலியாகிறதோ அந்த முதியோர் இல்லத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தார்கள். மெர்வ் அதே கடிதத்தை எடுத்துக்கொண்டு, அப்படியானால் இரவுக்கு ஓர் ஆளைக் கொடுங்கள் என்று கேட்டு மனுப் போட்டார். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். எல்லா ஆவணங்களின் அசல் தாள்களையும் முன்கூட்டியே அனுப்ப வேண்டும், எந்த ஆவணத்தில் எந்தப் பக்கம் உங்கள் கோரிக்கைக்கு ஆதாரம் என்பதை விசாரணையில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அந்த அறிவிப்பில் இருந்தது.

பதினொரு வருட ஆவணங்கள். முந்நூற்று நாற்பத்தாறு பக்கம்.

"அவ இந்த வீட்லயே இருக்கணும், புரொபசரம்மா. வேற ஒண்ணும் கேக்கல நான்," என்றார். "எங்கியோ ஒரு ஊர்ல கொண்டுபோய்ப் போட்டா அவள யாரு திட்டுவா? அவ யாரத் திட்டுவா?"

அவர் வீட்டு நிலவறையில் ஒரு சவுனா இருந்தது. அவர் அப்பா தேவதாரு மரத்தில் கட்டியது. கோலீனைக் கீழே இறக்க முடியாமல் போன பிறகு மெர்வும் அதில் நீராவிக் குளியல் எடுப்பதை விட்டுவிட்டார். அங்கே ஒரு பழைய நகல் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தார். குப்பைக்குப் போக இருந்ததை வாங்கி வந்து முழுதாகப் பிரித்துச் சேர்த்தது. நீராவி நின்றுபோன அந்த அறையில் ஈரம் கிடையாது, தாள் சுருளாது, ஊரிலேயே தாளுக்கு அதைவிட நல்ல இடமில்லை என்பார். ஒரு வாரம் மாலையில் அங்கே உட்கார்ந்து முந்நூற்று நாற்பத்தாறு பக்கத்தையும் ஸ்கேன் எடுத்தார். ஒவ்வொரு தாளிலும் குண்டூசியைப் பிடுங்கி, மடிப்பைத் தேய்த்து நேராக்கி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு. மேலிருந்து கோலீன் கத்துவாராம்.

"ஏ மை மூஞ்சி! என் உடம்பு சமாச்சாரத்துக்கு இஸ்திரி போடறியா?"

"மகாராணியோட பேப்பர் சுருக்கமாப் போகக் கூடாது இல்ல!"

அந்த இயந்திரத்தில் எழுத்தறிதல் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி வைத்தால், படமாக எடுத்த தாளில் இருக்கும் எழுத்துகளைக் கண்டுபிடித்து எழுத்தாகவே கோப்புக்குள் சேர்த்துவிடும். மெர்வ் அதை அணைத்துத்தான் வைத்திருப்பார். அது ஊகம் செய்கிற வேலை, ஒரு முத்திரையைப் பார்த்து முட்டை என்று எழுதும், தாளைத் தாளாகவே எடுப்பதுதான் யோக்கியமான நகல் என்பது முப்பத்தோரு வருடக் கொள்கை.

அசல் தாள்களைப் பெட்டியில் போட்டுக் கட்டி வாரியத்துக்கு அனுப்பினார். அவர் செய்தது மாதிரி ஒழுங்காக யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள். ஒன்பது பகுதி, ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை, தனிப் பக்க எண்.

விசாரணைக்கு ஐந்து நாள் இருந்தபோது, மதிய இடைவேளையில் தன் மடிக்கணினியை என் மேசையில் வைத்தார். எங்கள் மையம் எந்த உதவியாளருக்காக வேலை செய்கிறதோ அதையேதான் திறந்து வைத்திருந்தார். பணியாளர்களுக்கு இலவசம்.

"அவ்வளவையும் உக்காந்து படிக்க எனக்குத் தெம்பு இல்ல. டாக்டர் பாஷை வேற. பத்தாவதோட நின்னவன் நான். இது படிச்சுப் பக்கத்தச் சொல்லிடும்ல?"

"ஏத்திட்டீங்களா?"

"மொதல்ல முழுசாப் போட்டேன், பெரிசுன்னு துப்பிடுச்சு. நம்ம வைத்தியம்தான். ஒம்பதாப் பிரிச்சேன். ஒரு தடவ நீங்க பாருங்க. என் கண்ணு இப்பல்லாம் ரெண்டு ரெண்டாப் பாக்குது."

ஒன்பது கோப்பு. அவர் வழக்கப்படி ஒவ்வொன்றுக்கும் நீளமான பெயர். நான்காவதன் பெயர் எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பகுதி நான்கு, டாக்டர் இவாஷ்கோ கடிதங்கள், மார்ச் முதல் செப்டம்பர், இரவுப் பராமரிப்பு அவசியம்." ஒன்பதுக்குப் பக்கத்திலும் பச்சை டிக்.

எனக்கு அடுத்த அழைப்பு வந்துகொண்டிருந்தது. திரையில் சிவப்பாக மின்னியது.

"ஒம்பதுக்கு ஒம்பது. முடிஞ்சுது மெர்வ்," என்றேன். "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

"போதும் மேடம், உங்களுக்கு அஞ்சு நட்சத்திரம்," என்று அவர் மடிக்கணினியை மூடினார்.

அதை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்பதை எழுதிப் பயனில்லை. ஒரு கோப்பைத் திறந்து ஒரு வரியின் மேல் சுட்டியை வைத்து இழுத்திருந்தால் போதும். எழுத்தாக இருந்தால் அந்த வரி நீலமாகும். படமாக இருந்தால் ஆகாது. பத்து நொடி வேலை. எனக்கு அது தெரியும். எங்கள் பட்டியலில் அது இல்லை.

அடுத்த நாள் மெர்வ் உற்சாகமாக வந்தார். இரவுப் பராமரிப்பு வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டாராம். உடனே பதில், எந்த மாதக் கடிதம் என்பதோடு. "பகுதி நான்கு, பதினோராம் பக்கம், டாக்டர் இவாஷ்கோ எழுதுகிறார்" என்று தொடங்கி, மேற்கோள் குறிக்குள் ஒரு முழு வாக்கியம். இன்னும் இரண்டு மேற்கோள்கள் வேறு பகுதிகளிலிருந்து.

"டாக்டர் பேர் கரெக்டு. மாசம் கரெக்டு. படிக்காம இது எப்படிங்க தெரியும்?" என்றார்.

அந்தப் பெயரும் மாதமும் அவரே கோப்பின் பெயரில் எழுதி வைத்தவை. அது அன்றைக்கு அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"ஒரு தடவ அந்தப் பக்கத்தத் திறந்து பாத்துட்டீங்களா?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பது மட்டும் உண்மை.

"பாக்காம? நாலாவத முழுக்கப் புரட்டினேன். என்னா துல்லியம் தெரியுமா! ஓரத்துல ஒரு நிழல் கெடையாது. அந்த மெஷின் பொறந்தப்பகூட இப்படி எடுத்திருக்காது."

எழுத்து எவ்வளவு கூர்மையாக விழுந்திருக்கிறது என்று பார்த்திருக்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. அந்த வாரம் கோலீனுக்குக் காய்ச்சல் வேறு. மெர்வ் மொத்தமாகத் தூங்கியது எத்தனை மணி நேரம் என்று அவருக்கே தெரியாது.

விசாரணை கணினி வழியாக. மெர்வ் சமையலறை மேசையில் உட்கார்ந்தார், தேவாலயத்துக்குப் போகும் சட்டை போட்டுக்கொண்டு. துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்றதால் நான் விடுப்பு எடுத்துப் போயிருந்தேன். கோலீன் சக்கர நாற்காலியில், திரையில் தெரியாத இடத்தில். "என்னக் காட்ட வேணாம். முடி சரியில்ல," என்றார் முதலில். பிறகு, "காட்டினா நல்லதோ?" என்றார். மெர்வ், "பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கு மகாராணி, நீ சும்மா உக்காரு," என்றார்.

மூன்று பேர் குழு. தலைவராக இருந்த பெண்மணி மரியாதையானவர். அதைச் சொல்லியாக வேண்டும். குரலை ஒருமுறைகூட உயர்த்தவில்லை.

மெர்வ் தொண்டையைச் செருமிக்கொண்டு, அச்சிட்டு வைத்திருந்த தாளிலிருந்து படித்தார். "நான்காம் பகுதி, பதினோராம் பக்கம். டாக்டர் இவாஷ்கோ எழுதுகிறார். 'இந்நோயாளிக்கு இரவு முழுவதும் பயிற்சி பெற்ற ஒருவர் அருகில் இருப்பது மருத்துவ ரீதியாக இன்றியமையாதது.'"

தலைவர் பக்கங்களைப் புரட்டினார். தாள் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"திரு. சால்மினென், நாலாம் பகுதி, பதினொண்ணாம் பக்கம் என் கையில இருக்கு. இது சக்கர நாற்காலிக்கு டயர் மாத்தினதுக்கான குறிப்பு."

"இல்லீங்க. டாக்டர் லெட்டர்."

"பத்தும் பன்னெண்டும் பாக்கிறேன். டாக்டர் லெட்டர் இருக்கு. ஆனா நீங்க படிச்ச வரி அதுல இல்ல. 'இரவு உதவி இருந்தால் பயன் தரலாம்'னுதான் இருக்கு. அடுத்தது என்ன சொல்றீங்க?"

மெர்வ் அடுத்ததைப் படித்தார். ஆறாம் பகுதி, இரண்டாம் பக்கம். அதுவும் இல்லை. மூன்றாவதையும் படித்தார். அந்த மூன்றாவது, எட்டாம் பகுதி நாற்பத்தைந்தாம் பக்கம். எட்டாம் பகுதியில் முப்பத்தெட்டுப் பக்கம்தான் இருந்தது.

"இதெல்லாம் எங்கேர்ந்து எடுத்தீங்க, திரு. சால்மினென்?"

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். எங்கிருந்து எடுத்தார் என்று சொன்னார். திரையில் மூன்று பேரும் எதையோ எழுதிக்கொண்டார்கள்.

"சரி. நாங்க பேப்பர்ல இருக்கறத வெச்சுத்தான் முடிவு எடுக்கணும்."

"பேப்பர்லதாங்க இருக்கு! பதினோரு வருஷம் அந்தப் பேப்பர்ல இருக்கு!"

"எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

மெர்வ் என்னைத் திரும்பிப் பார்த்தார். மேசைக்கு அந்தப் புறம் கோலீன் தன் வலது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். "என்னக் காட்டுடா," என்றார் மெல்ல. மெர்வ் மடிக்கணினியைத் திருப்புவதற்குள் தலைவர் நன்றி சொல்லி முடித்துவிட்டார். நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். பதினெட்டு நிமிடத்தில் முடிந்தது.

அன்று அந்தச் சமையலறையிலேயே நான் கோப்பைத் திறந்து சுட்டியை வைத்து இழுத்தேன். எதுவும் நீலமாகவில்லை. முந்நூற்று நாற்பத்தாறு பக்கமும் படம். உதவியாளருக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்பது பெயர்கள் மட்டும். அதை வைத்துக்கொண்டு, நன்றாக எழுதத் தெரிந்த ஒருவன் எழுதுவதைப் போல எழுதிக் கொடுத்திருக்கிறது. மெர்வுக்கு விளக்கினேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து கீழே போனார். சவுனாவின் கதவு மூடும் சத்தம் கேட்டது. அடுத்த மணிக்குக் கோலீனைத் திருப்ப வேண்டியிருந்ததால் திரும்பி வந்தார்.

பன்னிரண்டு நாளில் முடிவு வந்தது. இரவுக்கு ஆள் கிடையாது. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் புதிய ஆதாரம் வேண்டும், அதுவரை மாற்றத்தை நிறுத்த முடியாது. ஜனவரி கடைசியில் வாவா என்ற ஊரின் இல்லத்தில் ஒரு கட்டில் காலியானது. எங்கள் ஊர் ஏரியை ஒட்டியே வடக்கே இருநூற்று முப்பது கிலோமீட்டர். குளிர்காலத்தில் பனி கொட்டி, அங்கே போகும் பதினேழாம் நெடுஞ்சாலையை எந்த நாள் மூடுவார்கள், எந்த நாள் திறப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. மெர்வ் ஞாயிறுதோறும் கிளம்புவார். பாதி ஞாயிறு தடுப்புக் கம்பத்தருகே வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம் காத்துவிட்டுத் திரும்புவார். கோலீனுக்கு எடுத்துப் போன ரொட்டியைத் திங்கட்கிழமை எங்களுக்குக் கொடுத்துவிடுவார். "சாப்பிடுங்க. வாவா வரைக்கும் போகாத ரொட்டி," என்பார்.

வேலைக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் டிக் விழுந்ததும் அழைப்பை வைப்பதை நிறுத்திவிட்டார்.

"டிக் வந்துடுச்சா? சரி. இப்ப வெக்காதீங்க. மூணாம் பக்கத்துல மொத வரி என்னன்னு அதுகிட்ட கேளுங்க… சொல்லிடுச்சா? பேப்பர்லயும் அதேதான் இருக்கா? நல்லாப் பாத்து சொல்லுங்க சார். எனக்கு அவசரமில்ல."

ஏழு நிமிட அழைப்பு பதினைந்து, இருபது என்று ஆனது. மேற்பார்வையாளர் டெரில், முப்பது வயதுக்காரர், மெர்வ் மேசையருகே வந்து நின்றார்.

"மெர்வ், இது நம்ம வேலை இல்ல. அந்த உதவியாளரச் செய்யற கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன். அவங்க பாத்துப்பாங்க."

"எப்பப் பாப்பாங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப அது வரைக்கும் மூணாம் பக்கம் கேப்போம் தம்பி."

முதல் எச்சரிக்கை பிப்ரவரியில். இரண்டாவது மார்ச்சில். அவர் கேள்வி எத்தனை பேரைக் காப்பாற்றியது, எத்தனை பேர் எரிச்சலில் பாதியில் வைத்துவிட்டார்கள் என்று எந்தக் கணக்கும் இல்லை. பட்டியல் மாறவில்லை. இன்று வரை மாறவில்லை.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் போய்ப் பார்த்தார். முன்னறையில், கோலீனின் காலிக் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். இதயம் என்றார்கள். வயது அறுபத்தொன்று. கோலீனை அடக்கத்துக்கு அழைத்துவர வண்டிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டுமாம். நான் கைப்பேசியைக் கல்லறை அருகே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்று அதிகம். போதகர் பேசியதில் பாதி கோலீனுக்குக் கேட்டிருக்காது.

மே மாதம் கோலீன் கூப்பிட்டார். "அந்தப் பெட்டி எங்க இருக்கு, நேடீன்? போர்டு திருப்பி அனுப்பினது."

சவுனாவில் இருந்தது. கட்டுப் பிரிக்காமல். அவர் சொன்னபடி எடுத்துவந்து என் வீட்டு மேசையில் வைத்து, இரவுக்கு ஆள் வேண்டும் என்று சொல்லும் பக்கத்தைத் தேடிக் கையாலேயே புரட்டினேன். மூன்று மாலைகள் ஆயின. ஏழாம் பகுதி, இருபத்தாறாம் பக்கம். வீட்டுக்கு வந்து பார்த்துப் போன ஒரு செவிலியின் குறிப்பு. பேனாவில், சாய்வான கையெழுத்தில். எழுத்தறிதல் பொத்தானை மெர்வ் அழுத்தி வைத்திருந்தாலும் அந்தக் கையெழுத்தை அது படித்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. வாரியத்தின் முன்னாலும் அந்தத் தாள் இருந்தது. யாரும் பக்க எண் சொல்லவில்லை.

வாவாவுக்குப் போனேன். சாலை திறந்திருந்தது. கோலீனின் அறையில் ஜன்னல் வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்து இருந்தது. மெலிந்திருந்தார். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுக்க வைத்திருந்தார்கள். நான் கட்டிலைச் சுற்றிப் போய்ச் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"கண்டுபுடிச்சியா?"

"கண்டுபுடிச்சேன்."

"படி."

படித்தேன். "'கணவர் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நோயாளியைத் திருப்புகிறார். எட்டு மாதமாக உடம்பில் ஒரு புண்கூட இல்லை. இல்லங்களிலும் நான் இப்படிப் பார்த்ததில்லை. ஒருவரால் இது நீடிக்காது. இரவுக்கு ஆள் கொடுக்காவிட்டால் முதலில் விழப்போவது இவர்.'"

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவ."

இன்னொரு தடவை படித்தேன்.

"அந்தக் கிறுக்கனுக்கு இது தெரியுமா? இப்படி ஒருத்தி எழுதி வெச்சிருந்தான்னு?"

"தெரிஞ்சிருக்காது."

"ஸ்கேன் எடுத்தான்ல. கையால தடவித்தானே எடுத்திருப்பான்."

"ஆமா."

வலது கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். வாங்கி, கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தடவினார், மேலும் கீழுமாக. பிறகு, "மணி என்ன?" என்றார்.

"மூணு இருவது."

"கடைசியா ஒரு மணிக்குத் திருப்பினாங்க. இடுப்புல எரியுது."

அழைப்பு மணியை அழுத்தினேன். கதவுக்கு மேல் விளக்கு எரிந்தது. நானே திருப்பட்டுமா என்று கேட்டேன். "உன்னத் தொட விட மாட்டாங்க. எழுதி ஒட்டியிருக்கு பாரு," என்றார். கட்டிலின் தலைமாட்டில் ஒட்டியிருந்தது. பயிற்சி பெற்ற பணியாளர் மட்டும்.

தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நிற்கவில்லை. மூன்று முப்பத்தைந்துக்கு மறுபடியும் மணியை அழுத்தினேன். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது. கோலீன் தாளை நெஞ்சில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தார். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.